இரண்டுக்கும் 3.9 வினாடிதான், அப்புறம் எது வேகம்? ஐ5 எம்60 டூரிங், எஸ்6 அவான்ட் இ-ட்ரான் பிக்கப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவேரியாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களின் வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்ததும் பேச்சு நேராக 'கோம்பி'க்கு வந்துவிடும். எஸ்டேட் காருக்கு ஜெர்மனியில் அதுதான் பெயர். முன்பக்கம் செடான் மாதிரியே இருக்கும். கூரை மட்டும் கடைசிவரை நீண்டு, டிக்கி ஒரு சின்ன அறையாகிவிடும். மின்சாரக் கோம்பி வாங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பிக்கப் எதுக்கு ஜாஸ்தி?" பிஎம்டபிள்யூ ஐ5 எம்60 எக்ஸ்டிரைவ் டூரிங், ஆடி எஸ்6 அவான்ட் இ-ட்ரான் இரண்டையும் குடும்பத்தோடு ஓட்டிப் பார்த்தவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கம்பெனி சொல்லும் கணக்கு என்ன?

நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் தொட இரண்டும் எடுப்பது 3.9 வினாடி. அச்சு மாறாமல் ஒரே எண். ஆனால் அந்த எண்ணுக்கு அவை வந்து சேரும் வழி வேறு.

டூரிங்கில் முன் அச்சுக்கு 192 கிலோவாட் மோட்டார், பின் அச்சுக்கு 250 கிலோவாட் மோட்டார். இரண்டும் சேர்ந்து 442 கிலோவாட், அதாவது 601 குதிரைத்திறன். முறுக்குவிசை 795 நியூட்டன் மீட்டர். பூஸ்ட் (சில வினாடிக்கு முழு பலமும் தரும் வசதி) அல்லது லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து முழு பலத்தோடு கிளப்பும் வசதி) போட்டால் 820. எஸ்6 அவான்ட்டுக்கு வழக்கமாக 370 கிலோவாட், லாஞ்ச் கன்ட்ரோலில் மட்டும் 405. உச்ச வேகம் டூரிங்குக்கு 230, அவான்ட்டுக்கு 240.

டூரிங் 2024 பிப்ரவரியில் அறிமுகமானது, அவான்ட் அதே ஆண்டு ஜூலை கடைசியில். ஒன்று டிங்கோல்ஃபிங்கில் தயாராகிறது, மற்றது இங்கோல்ஸ்டாட்டில். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. அறிமுகமானபோது இரண்டின் விலையும் ஒரு லட்சம் யூரோவைச் சுற்றித்தான் இருந்தது. இவ்வளவு நெருக்கமான போட்டி எஸ்டேட் உலகத்தில் அபூர்வம்.

பிஎம்டபிள்யூவுக்கு 37 கிலோவாட் கூடுதல். பிறகு ஏன் அது முந்தவில்லை?

கிளம்பும் அந்த நொடியில் பவருக்கு வேலையே இல்லை என்பதால். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 2,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 926 கிலோஜூல். அதை 3.9 வினாடியில் கொடுக்க வேண்டுமானால் சராசரியாக 237 கிலோவாட் போதும். 442-ம் 405-ம் அதற்கு எவ்வளவோ மேலே இருக்கின்றன.

ஆரம்பத்தில் கையைக் கட்டிப்போடுவது மோட்டாரின் முறுக்குவிசையும், ரோட்டின்மேல் டயருக்கு இருக்கும் பிடியும்தான். வேகம் 60, 70 என்று ஏறிய பிறகுதான் முழு பவரும் வெளியே வர இடம் கிடைக்கும். அது வருவதற்குள் 100 வந்துவிடுகிறது, கடிகாரமும் நின்றுவிடுகிறது. அதனால் '0 முதல் 100' என்பது பெரும்பாலும் கிளம்புகிற திறமைக்கான பரீட்சை. ஓடுகிற திறமைக்கு வேறு பரீட்சை வைக்க வேண்டும்.

நானே போனில் அளந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குச் சண்டை போடாதீர்கள். சாதாரண போன் ஜிபிஎஸ் வினாடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கும். இதற்கென்று விற்கும் கருவிகள் வினாடிக்கு 10 முதல் 25 முறை குறிக்கும். அதிலும் ரோடு கொஞ்சம் சரிவாக இருந்தாலே கணக்கு மாறிவிடும்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து ஒப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பல சோதனைகளில் வண்டி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதில் கால் வினாடி போலக் குறைந்துவிடும். தவிர அவர்கள் அளப்பது மணிக்கு 60 மைல், நம் கணக்கில் 96.6 கிலோமீட்டர். அந்த எண்ணை ஜெர்மன் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் அமெரிக்காவில் ஓடும் வண்டி எப்போதும் வேகமாகத்தான் தெரியும்.

லாஞ்ச் கன்ட்ரோல் போடாமல் அன்றாடம் ஓட்டினால்?

இங்கேதான் இரண்டின் குணமும் பிரிகிறது. டூரிங்கின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இடதுபக்கம் 'பூஸ்ட்' என்று எழுதிய ஒரு துடுப்பு இருக்கும். விரலால் இழுத்தால் 10 வினாடிக்கு மொத்த பலமும் கிடைக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுக்கலாம் என்பது இதன் அருமை. அவான்ட்டில் 405 கிலோவாட் என்பது லாஞ்ச் கன்ட்ரோலுக்கு மட்டும். நின்று, பிரேக்கை மிதித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, பிரேக்கை விடுகிற அந்தச் சடங்கைச் செய்யும்போதுதான் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் 370.

கம்பெனி சொல்லும் 3.9-ஐ வருஷத்தில் எத்தனை தடவை தொடப்போகிறோம்? நான் அந்தச் சடங்கை அவான்ட்டில் ஒரே ஒரு தடவைதான் செய்தேன். பூஸ்ட் துடுப்பை ஒரே பயணத்தில் நாலைந்து தடவை இழுத்திருப்பேன்.

சரி, வேறு எதைப் பார்த்து பிக்கப்பை முடிவு செய்வது?

80-லிருந்து 120. எஸ்டேட் கார் வாங்குகிறவர் கேட்க வேண்டிய எண் இதுதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜெர்மனியில் உயிர் போகிற தருணங்கள் சிக்னலில் வருவதில்லை, நெடுஞ்சாலையில் வருகின்றன.

ஆட்டோபானில் லாரிகளுக்கு 80 வரம்பு. வலதுபக்கத் தடத்தில் அவை ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வரம்பில்லாத பகுதியில் கார்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வேகம் 130. பரிந்துரைதான், கட்டாயமில்லை. லாரிக்குப் பின்னால் 80-ல் மாட்டிக்கொண்டவர் இடதுபக்கம் நகர வேண்டும் என்றால், பின்னால் 200-ல் ஒருவர் வந்துகொண்டிருக்கலாம். அந்த இடைவெளியை எவ்வளவு சீக்கிரம் நிரப்புகிறோம் என்பதுதான் விஷயம்.

மறுபடி கொஞ்சம் கணக்கு. அதே 2,400 கிலோ வண்டி 0-லிருந்து 40-க்குப் போக வேண்டிய ஆற்றல் சுமார் 148 கிலோஜூல். 80-லிருந்து 120-க்குப் போகச் சுமார் 741 கிலோஜூல். இரண்டிலும் கூடுவது 40 கிலோமீட்டர்தான், ஆனால் கேட்கும் ஆற்றல் ஐந்து மடங்கு. இங்கேதான் பவர் பேசுகிறது. சக்கரத்தில் 300 கிலோவாட் சேர்கிறது என்று வைத்தால் 2.5 வினாடியில் முடிந்துவிடும். பெட்ரோல் வண்டியில் கியர் இறங்கி, என்ஜின் விழித்து எழும் நேரத்துக்குள் இங்கே பாதி வேலை முடிந்திருக்கும்.

மியூனிக்கிலிருந்து இங்கோல்ஸ்டாட் போகும் ஏ9 சாலை ஹாலர்டாவ் என்ற பகுதியைக் கடக்கும். பீருக்குப் போடும் ஹாப்ஸ் விளையும் ஊர்கள். ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கினால் உள்சாலையெல்லாம் டிராக்டர். அந்தச் சமயத்தில்தான் டூரிங்கை ஓட்டிப் பார்த்தேன். பச்சைக் கொடிகளை மலை மாதிரி ஏற்றிய ஒரு டிராக்டருக்குப் பின்னால் ரொம்ப நேரம் 40-ல் ஊர்ந்தோம். நேரான சாலை வந்ததும், எதிரே யாரும் இல்லை என்று நிச்சயமானதும், துடுப்பை இழுத்தேன். மகளின் தண்ணீர் பாட்டில் சீட்டிலிருந்து உருண்டு பின்னால் எங்கேயோ போனது. அம்மாவின் தலை சாய்மானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "என்னப்பா, என்ன ஆச்சு?" என்றார். அதற்குள் நாங்கள் டிராக்டருக்கு முன்னால் வந்து, வலதுபக்கம் திரும்பி, 100-ல் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து அவான்ட்டில் அதே சாலை, இன்னொரு டிராக்டர். துடுப்பு எதையும் தேடாமல் பெடலை மிதித்தேன். அம்மா பேத்தியோடு பேசிக்கொண்டே வந்தார், பேச்சு நிற்கவில்லை. முந்தி முடித்ததில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரிந்தது.

நாலு பேரும் சாமானும் ஏறினால் பிக்கப் எவ்வளவு குறையும்?

எஸ்டேட் வாங்குவதே சாமான் ஏற்றத்தான். ஆனால் சோதனையெல்லாம் வெறும் வண்டியில் நடக்கிறது. ஆட்களும் பெட்டிகளுமாக 400 கிலோ ஏறினால் எடை ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. இழுக்கும் விசை அதேதான், எனவே நேரமும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். 3.9 என்பது நாலரை வினாடியாகும். 80-லிருந்து 120-க்கு 2.5 என்பது 2.9 ஆகும். இந்த 0.4 வினாடியில் வண்டி கூடுதலாகப் போகும் தூரம் 11 மீட்டர். டூரிங்கின் நீளம் 5.06 மீட்டர், ஆக இரண்டு வண்டி நீளம். லோடோடு முந்தும்போது எதிரே இந்த இரண்டு வண்டி நீளத்தைக் கூடுதலாக விட்டுக் கணக்கிடுங்கள்.

டிக்கி டூரிங்கில் 570 லிட்டர், பின் சீட்டை மடித்தால் 1,700. அவான்ட்டில் 502, மடித்தால் 1,422. முன்பக்க மூடிக்குக் கீழே சார்ஜ் கேபிள் வைக்க 27 லிட்டர் தனி. அதிகம் கொள்ளும் வண்டியில் அதிகம் ஏற்றுவோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போதும் இதே பிக்கப் வருமா?

வராது. எந்த மின்சார வண்டியிலும் வராது. சார்ஜ் இறங்க இறங்க பேட்டரியின் வோல்டேஜும் இறங்கும், அதனால் கொடுக்கக்கூடிய பவரும் இறங்கும். கேள்வி எவ்வளவு இறங்கும் என்பதுதான். இதில் பேட்டரியின் அளவைப் பாருங்கள்.

டூரிங்கில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 81.2 கிலோவாட் மணி. 442 கிலோவாட்டைத் தொடர்ந்து உறிஞ்சினால் பேட்டரி மொத்தமும் 11 நிமிடத்தில் காலி. அவான்ட்டில் 94.9 கிலோவாட் மணி. 405 கிலோவாட் என்றால் 14 நிமிடம். யாரும் அப்படி ஓட்டப்போவதில்லை, ஓட்டவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு செல்லையும் எவ்வளவு பிழிகிறோம் என்பதை இந்த 11-ம் 14-ம் நன்றாகக் காட்டுகின்றன. பெரிய பேட்டரியைக் குறைவாகப் பிழியும் வண்டிக்கு மூச்சு வாங்குவது குறைவு. பத்தாவது தடவை முந்தும்போதும் முதல் தடவை மாதிரியே இருக்க வேண்டும் என்றால் என் கணிப்பில் அவான்ட் கை ஓங்கும்.

குளிர்காலமும் இதே கதைதான். லித்தியம் அயன் செல் குளிர்ந்தால் உள்தடை கூடும். வண்டி தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். ஜனவரி காலையில் வாசலில் நின்ற வண்டியை எடுத்த உடனே லாஞ்ச் போட்டுப் பார்த்துவிட்டு "பிக்கப் இல்லையே" என்று முகம் சுளித்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு அதே வண்டியை மிதித்துப் பாருங்கள், வேறு வண்டி மாதிரி இருக்கும்.

ஆடியின் பேட்டரி 800 வோல்ட் வகை. அதனால் பிக்கப் கூடுமா?

நேரடியாகக் கூடாது. அதே பவருக்குப் பாதி கரன்ட் போதும் என்பதால் ஒயரில் சூடு குறையும், அவ்வளவுதான். 800 வோல்ட்டின் நிஜப் பலன் சார்ஜ் போடும் இடத்தில். அவான்ட் 270 கிலோவாட் வரை வாங்கும், 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 21 நிமிடம். 400 வோல்ட் வகையான டூரிங் 205 கிலோவாட் வரை வாங்கும், அதற்கு அரை மணி நேரம்.

150-க்கு மேலே எது இழுக்கும்?

கணக்குப்படி டூரிங். இந்த வேகத்தில் டயர் பிடி ஒரு தடையே இல்லை, கையில் இருக்கும் கிலோவாட்தான் பேசும். 442-க்கு எதிரே 370 நிற்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிஎம்டபிள்யூவின் மோட்டார்களில் நிரந்தரக் காந்தம் கிடையாது. சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுத்துத்தான் காந்தமாக்குகிறார்கள். மோட்டார் வேகமாகச் சுற்றும்போது காந்தப்புலத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அந்தக் கரன்ட்டைக் குறைத்தால் வேலை முடிந்தது. ஆடியில் பின் மோட்டார் நிரந்தரக் காந்த வகை. முன் மோட்டார் இண்டக்‌ஷன் வகை, தேவையில்லாதபோது கரன்ட் இல்லாமல் சும்மா சுற்றும், வண்டியைப் பிடித்து இழுக்காது. இது பிக்கப்புக்கு உதவுவதைவிட மைலேஜுக்கு அதிகம் உதவும்.

காற்றுத்தடை எண் அவான்ட்டுக்கு 0.24, டூரிங்குக்கு 0.26. 100 வரை இது கண்ணுக்கே தெரியாது. 200-ல் காற்றைப் பிளக்கவே ஏறக்குறைய 60 கிலோவாட் போகும், அப்போது கொஞ்சம் தெரியும்.

இவ்வளவு பவர் வேண்டாம், விலை குறைந்த வகை எப்படி?

ஐ5 ஈடிரைவ்40 டூரிங்: 250 கிலோவாட், 6.1 வினாடி, உச்ச வேகம் 193. ஏ6 அவான்ட் இ-ட்ரான் பெர்ஃபார்மன்ஸ்: 270 கிலோவாட், லாஞ்சில் 280, 5.4 வினாடி, உச்ச வேகம் 210. இரண்டும் பின்சக்கர இழுவை. இங்கே சமநிலை இல்லை, ஆடி தெளிவாக முன்னால் நிற்கிறது. குடும்பத்துக்கு இந்த வகைகளே தாராளம் என்பது என் அபிப்பிராயம்.

டயர் மாற்றினால் பிக்கப் மாறுமா?

மாறும், அதிலும் கிளம்பும்போதுதான் அதிகம். இங்கே 'அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர்' என்று ஒரு வழக்கு உண்டு. அந்த டயரின் ரப்பர் மென்மையானது. பனியில் உயிர் காக்கும். ஆனால் காய்ந்த ரோட்டில் கோடை டயர் அளவுக்குப் பிடிக்காது. ஒரு வண்டியைக் கோடையிலும் மற்றதைக் குளிரிலும் ஓட்டிவிட்டு ஒப்பிட வேண்டாம்.

இவற்றைவிட வேகமான மின்சார எஸ்டேட் இருக்கிறதா?

போர்ஷே டைகான் டர்போ எஸ் ஸ்போர்ட் டூரிஸ்மோ, 2.4 வினாடி. பின் அச்சில் இரண்டு கியர். ஆனால் டிக்கி இவற்றுக்குப் பக்கத்தில் வராது, விலை இரண்டு மடங்கு பக்கம் போகும். மறுபக்கம் ஃபோக்ஸ்வாகன் ஐடி.7 டூரர் ஜிடிஎக்ஸ் ஐந்தரை வினாடி போல எடுக்கும், 340 குதிரைத்திறன்.

லாஞ்ச் கன்ட்ரோலை எங்கே போட்டுப் பார்ப்பது?

பொதுச்சாலையில் வேண்டவே வேண்டாம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் 315டி என்ற பிரிவு 2017-ல் சேர்ந்தது. சட்டவிரோத கார் பந்தயம் அதன்படி குற்றம். எதிரே ஆள் இல்லாமல் தனியாக, முடிந்த உச்ச வேகத்தைத் தொட வேண்டும் என்று பொறுப்பில்லாமல் ஓட்டுவதும் அதில் சேரும். இரண்டு ஆண்டு வரை சிறை. உயிர்ப்பலி ஆனால் பத்து ஆண்டு வரை. மூடிய மைதானத்தில் ஓட்டுநர் பயிற்சி நடத்தும் இடங்களில் பணம் கட்டி ஓட்டலாம். நான் அப்படி ஒரு இடத்தில்தான் போட்டுப் பார்த்தேன். அருகில் உட்கார்ந்திருந்த பயிற்றுநர் முதலில் என் கண்ணாடியைக் கழற்றி பையில் வைக்கச் சொன்னார்.

சென்னையில் கிடைக்குமா?

ஐ5 எம்60 செடான் 2024-ல் இந்தியாவுக்கு இறக்குமதியாக வந்தது. டூரிங் வரவில்லை, எஸ்6 அவான்ட்டும் வரவில்லை. செங்கல்பட்டு பக்கம் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை 2007-லிருந்தே இயங்குகிறது, ஆனால் எஸ்டேட் வாங்கும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றவே இல்லை.

கடைசியாக, நீங்கள் எதை எடுப்பீர்கள்?

தனியாக ஓட்டுவதாக இருந்தால் டூரிங். அந்தத் துடுப்பும் 150-க்கு மேல் இழுக்கும் இழுப்பும் கைக்கு ருசி பிடித்துவிட்டன. ஆனால் எங்கள் வீட்டில் மாதம் ஒரு தடவை மியூனிக்கிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குப் போகிறோம், நாலு பேர், ஆறு பெட்டி. திரும்பும்போது 25 சதவீத சார்ஜில், இருட்டில், மழையில் லாரி வரிசையை முந்த வேண்டியிருக்கும். அந்த நேரத்துப் பிக்கப்புக்காகவும், 21 நிமிட சார்ஜுக்காகவும், அம்மாவின் பேச்சு நிற்காமல் போனதற்காகவும் அவான்ட்டுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். டிக்கி சின்னது, ஆறாவது பெட்டி மகளின் காலடியில்தான் வரும்.